டாம் லெஹ்ரரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

அமெரிக்கக் கணித வாத்தியாரும் நகைச்சுவைப் பாட்டுக்காரருமான டாம் லெஹ்ரர் 2025 ஜூலை 26 அன்று 97 வயதில் இறந்தபோது, அதுவரை அவரைக் கேள்விப்படாத பலரும் யூடியூபில் ஏதோ ஒரு பாட்டைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பியானோ, மூச்சு விடாத ஆங்கிலம், பின்னால் கூட்டம் சிரிக்கும் சத்தம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிடிபடாமல் பாதியில் மூடியவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்த வரிசையில் கேட்டால், லெஹ்ரரை ஒரு வார இறுதியிலேயே முழுசாகப் பிடித்துவிடலாம். ஏனென்றால் அவர் இசைத்தட்டில் போட்டதே கொஞ்சம்தான்: 1953-ல் 12 பாட்டு, 1959-ல் 11, 1965-ல் 14, ஆக மொத்தம் 37. மூன்று தட்டுகளையும் வரிசையாக ஓட்டினால்கூட இரண்டு மணி நேரம் ஆகாது. இவை போக உதிரியாகச் சில உண்டு, அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டுக்குப் போவதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1928 ஏப்ரல் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயதில் மேற்கத்திய சாஸ்திரிய பியானோ கற்றார், ஆனால் மனசு பிராட்வே நாடகப் பாட்டுகளின் மேல்தான். 15 வயதில் ஹார்வர்டுக்குள் நுழைந்து, 18-ல் கணிதத்தில் பட்டம், அடுத்த வருடமே முதுகலை. கல்லூரி விருந்துகளில் நண்பர்களுக்காகப் பாடியவற்றை 1953 ஜனவரியில் பாஸ்டனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார், வாடகை 15 டாலர். தன் சொந்தச் செலவில் 400 தட்டுகள் அடித்து ஹார்வர்டு வட்டாரத்தில் விற்றார். ரேடியோக்காரர்கள் தொடவில்லை. மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப் போனார்கள், அங்கே கேட்டவர்கள் கடிதம் போட்டுக் கேட்டார்கள், லெஹ்ரர் தபாலில் அனுப்பி வைத்தார், இப்படியே தட்டு நாடு முழுக்கப் பரவியது. கம்பெனி இல்லை, விளம்பரம் இல்லை. இங்கிலாந்தில் பிபிசி 1954-ல் அந்த 12 பாட்டுகளில் 10-ஐ ஒலிபரப்பக் கூடாது என்று ஒதுக்கிவிட்டது. பிறகு 1957 டிசம்பரில் லண்டன் பல்கலைக்கழகம் இளவரசி மார்கரெட்டுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது, மேடையில் பேசியவர் இளவரசியின் இசை ரசனையைச் சொல்லிக்கொண்டு வந்து மொசார்ட்டோடு சேர்த்து லெஹ்ரர் பெயரையும் சொல்ல, அங்கேயும் விற்பனை சூடுபிடித்தது.

நடுவில் 1955 முதல் 1957 வரை ராணுவச் சேவை. 1959-ல் இரண்டாவது தட்டு, அதே பாட்டுகளை ஹார்வர்டின் சாண்டர்ஸ் அரங்கில் மேடையில் பாடியது இன்னொரு தட்டு. 1960-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணம். அப்புறம் சில வருடம் சத்தமே இல்லை. 1964-65-ல் வாரச் செய்திகளைக் கிண்டல் செய்யும் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். அதில் மற்றவர்கள் பாடியவற்றைத் தானே பாடி, 1965 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹங்க்ரி ஐ இரவு விடுதியில் கூட்டத்தின் முன் பதிவு செய்ததுதான் மூன்றாவது தட்டு. பெயர் 'தட் வாஸ் த இயர் தட் வாஸ்'. அதோடு கிட்டத்தட்ட முடிந்தது. 1972 முதல் 2001 வரை கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் கணிதமும் இசை நாடகமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சருக்கு 1973-ல் அமைதி நோபல் கொடுத்ததும் இனி அரசியல் நையாண்டிக்கு வேலையில்லை என்று பாட்டையே விட்டுவிட்டார் என ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அந்தக் கருத்தை அவர் சொன்னது உண்மை. பாட்டை விட்டதற்கு அது காரணம் இல்லை, தேதியைப் பார்த்தாலே தெரியும், அதற்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்திவிட்டார். ஒரே பாட்டை ஊர் ஊராக, இரவு இரவாகப் பாடுவதில் அவருக்கு ருசி இல்லை. எழுத விஷயம் இருந்தபோது எழுதினார், இல்லாதபோது பாடம் நடத்தப் போனார். ஒரு கலைஞரின் வாழ்க்கையில் இதைவிட மரியாதையான முடிவு எனக்குத் தெரியவில்லை.

இனி பாட்டு கையில் வரும் வழி. லெஹ்ரர் 2020 அக்டோபரில் தன் பாட்டு வரிகளை யார் வேண்டுமானாலும் காசும் அனுமதியும் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார். 2022 நவம்பரில் மெட்டுகளையும் ஒலிப்பதிவுகளையும் அப்படியே விட்டுக்கொடுத்தார். அவர் பெயரையும் சாங்ஸ் என்ற சொல்லையும் ஒட்டி எழுதிய டாட் காம் முகவரியில் (tomlehrersongs.com) வரிகள், பியானோ இசைக்குறிப்பு, ஒலிக்கோப்பு எல்லாம் வைத்திருந்தார். கூடவே, இந்தத் தளத்தை ஒரு நாள் எடுத்துவிடுவேன், வேண்டியவர்கள் ரொம்பக் காத்திருக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தார். எனவே முதல் வேலை இதுதான், கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு, பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். அந்த அனுமதி அறிக்கையையும் மறக்காமல் சேமியுங்கள், பிறகு உதவும்.

அடுத்தது கேட்கும் முறை. நம்மில் பலருக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பாட்டாகக் கேட்டால் பாதி நழுவும். லெஹ்ரர் ஒரு வரியை நேர்மையான காதல் பாட்டு மாதிரியே கொண்டுபோய்க் கடைசி இரண்டு சொல்லில் கவிழ்ப்பார், அந்த இரண்டு சொல் நழுவினால் பாட்டே போச்சு. அதனால் முதலில் வரிகளை மட்டும், பாட்டு ஓடாமல், வாய்விட்டுப் படியுங்கள். தெரியாத பெயர் வந்தால் அடிக்கோடு போட்டுத் தேடிப் பாருங்கள். அப்புறம் பாட்டை ஒரு முறை வரிகளோடு, ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு. படித்துவிட்டால் சிரிப்பு போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். அவருடைய சிரிப்பு திருப்பத்தில் மட்டும் இல்லை, ஒரு வரியின் முடிவோடு அடுத்த வரியின் முடிவை எப்படிக் கொண்டுபோய்ப் பொருத்துகிறார் என்பதில் பாதி இருக்கிறது, அது தெரிந்து கேட்டால்தான் இனிக்கும். படத்தோடு பார்க்க ஆசைப்பட்டால் 1967-ல் கோபன்ஹேகனில் டென்மார்க் தொலைக்காட்சிக்காக அவர் செய்த கச்சேரியைத் தேடுங்கள். பாடும்போது அந்த முகத்தில் இருக்கும் அப்பாவித்தனத்தைப் பார்க்காதவர் லெஹ்ரரைப் பாதிதான் கேட்டிருக்கிறார் என்பேன்.

எந்தப் பாட்டில் தொடங்குவது? பலரும் 1953 தட்டை வைத்துத்தான் அறிமுகப்படுத்துகிறார்கள், கால வரிசை என்பதால். நான் வேண்டாம் என்பேன். அந்தத் தட்டில் பாதி, அன்றைய அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு வகைகளைக் கேலி செய்வது: கௌபாய் பாட்டு, தெற்கு மாநிலங்களை ஏங்கிப் பாடும் பாட்டு, கல்லூரி விளையாட்டுப் பாட்டு. மூலம் தெரியாமல் கேலி எப்படிப் புரியும்? நம் வாசகர்களுக்கு நல்ல வாசல் 'நியூ மேத்'. 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்ட பிறகு அமெரிக்கா பள்ளிக் கணக்கையே மாற்றி, விடை வருவதைவிட என்ன செய்கிறோம் என்று புரிவது முக்கியம் எனப் புதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பெற்றோருக்கு விளங்காமல் போனது. லெஹ்ரர் ஒரே ஒரு கழித்தல் கணக்கை எடுத்துப் பாட்டாகப் போட்டார், 342-ல் 173 போனால் எவ்வளவு.

இதை நீங்கள் நிஜமாகவே தாளில் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும். ஒன்றாம் இடத்தில் 2-ல் 3 போகாது, பக்கத்து 4-ல் ஒன்று கடன் வாங்கி 12, அதில் 3 போக 9. பத்தாம் இடத்தில் மிச்சம் 3, அதில் 7 போகாது, மறுபடி கடன் வாங்கி 13, 7 போக 6. நூறாம் இடத்தில் 2-ல் 1 போக 1. விடை 169. சரி, இது நமக்குத் தெரிந்ததுதானே என்று நிமிரும்போது, புத்தகம் இதை எட்டடிமானத்தில் கேட்கிறது என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். இப்போது கடன் வாங்கினால் வருவது பத்து இல்லை, எட்டு. 2-ம் 8-ம் 10, 3 போக 7. 3-ம் 8-ம் 11, 7 போக 4. கடைசியில் 1. விடை 147. சரிபார்த்துக்கொள்ளுங்கள், எட்டடிமான 342 நம் கணக்கில் 226, 173 என்பது 123, வித்தியாசம் 103, அதை எட்டடிமானத்தில் எழுதினால் 147. பாட்டு முழுக்கக் கணக்கு சுத்தம், ஓர் இடத்தில்கூட மெட்டுக்காக எண்ணை மாற்றவில்லை. கையில் பென்சிலோடு ஒரு தடவை அவரோடு ஓடிப் பாருங்கள், இரண்டாவது சுற்றில் நீங்கள் பின்தங்கும் இடத்தில்தான் அந்த அரங்கமும் சிரிக்கிறது.

அடுத்து 1965 தட்டை முழுசாக எடுங்கள், அவருடைய உச்சம் அது என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு நிமிடம் செய்தி படிக்க வேண்டும். 'ஹூஸ் நெக்ஸ்ட்' பாட்டுக்கு 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது தெரிந்தால் போதும். அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ், சீனா என்று போய், அடுத்து யார் என்று ஒவ்வொரு நாடாக அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை, பாட்டு வந்து ஒன்பது வருடத்தில் 1974-ல் பொக்ரானில் நாம் வெடித்தோம். 'வெர்னர் ஃபான் பிரவுன்' பாட்டுக்கு முன், ஜெர்மனியில் வி-2 ஏவுகணை செய்து லண்டன் மேல் விழவைத்த அதே மனிதர், போருக்குப் பின் அமெரிக்க விண்வெளித் திட்டத்தின் நாயகனாக இருந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ராக்கெட் மேலே போவதுதான் என் வேலை, எங்கே விழுகிறது என்பது வேறு துறை என்கிற மனநிலையை லெஹ்ரர் ஒரு தாலாட்டுபோல மெதுவாகப் பாடுகிறார். 37 பாட்டிலும் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். இதற்காக ஃபான் பிரவுன் அவர் மேல் வழக்குப் போட்டார் என்றும் ஒரு கதை உண்டு, பொய் என்று லெஹ்ரரே மறுத்திருக்கிறார்.

'ஜார்ஜ் மர்ஃபி' பாட்டு நம் ஊர்க்காரருக்கு விளக்கமே தேவைப்படாதது: ஆடிப் பாடி நடித்த சினிமா நடிகர் ஒருவர் 1964-ல் கலிபோர்னியாவின் செனட்டராகத் தேர்வானதைப் பற்றியது. அதில் போகிற போக்கில் ரொனால்ட் ரீகன் பெயரும் வரும், அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை. 'நேஷனல் பிரதர்ஹுட் வீக்' என்பது பிப்ரவரியில் ஒரு வாரம் சகோதரத்துவம் கொண்டாடிய, அன்று நிஜமாகவே இருந்த அமெரிக்க வழக்கம் பற்றியது, மீதி 51 வாரம் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. 'பொல்யூஷன்' எந்தக் குறிப்பும் இல்லாமலே புரியும். 'தி வாட்டிகன் ராக்' (Rag) மட்டும் கொஞ்சம் கவனம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீன் வழிபாட்டைத் தாய்மொழிகளுக்கு மாற்ற வழிவிட்ட நேரத்தில், அப்படியே இசையையும் மாற்றிவிடலாமே என்று ராக்டைம் என்ற பழைய அமெரிக்க இசை வகையின் துள்ளலில் போட்டது. பாட்டாக அபாரம், ஆனால் நம்பிக்கையுள்ள கத்தோலிக்க நண்பருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போட்டுக் காட்டாதீர்கள், அன்றைக்கே பலருக்கு வலித்த பாட்டு அது.

இதே எச்சரிக்கை 1953, 1959 தட்டுகளுக்கும் பொருந்தும். கொலை, போதைப்பொருள், புறாவுக்கு விஷம் என்று சுவை கறுப்பாகவே இருக்கும், அழகான வால்ட்ஸ் மெட்டில். சின்னப் பிள்ளைகளோடு கேட்பதாக இருந்தால் 1971-ஐ ஒட்டி 'தி எலெக்ட்ரிக் கம்பெனி' என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்கு அவர் எழுதியவற்றைத் தேடுங்கள். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஊமையாக நிற்கும் ஈ எழுத்து என்னவெல்லாம் செய்யும் என்பதைப் பற்றிய 'சைலண்ட் ஈ' பாட்டு, ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இன்றைக்கும் பயன்படும்.

இவற்றுக்குப் பிறகு 1953-க்குத் திரும்பினால் காது தயாராகியிருக்கும். அப்போது 'லோபச்செவ்ஸ்கி'யில் தொடங்குங்கள். அடுத்தவர் ஆய்வைத் திருடி முன்னேறும் ஒரு கணிதப் பேராசிரியரின் பாட்டு. லோபச்செவ்ஸ்கி நிஜத்தில் யூக்ளிட் அல்லாத வடிவியலைக் கண்டவர்களில் ஒருவர், எதையும் திருடாதவர். பெயரின் ஓசைக்காக மட்டுமே எடுத்துக்கொண்டதாக லெஹ்ரரே சொல்லியிருக்கிறார்.

இப்போது பயன்படுத்தும் பகுதி. அனுமதி இருக்கிறது என்றவுடன் பள்ளி, கல்லூரி அறிவியல் விழாவுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது 'தி எலிமெண்ட்ஸ்'. 1959-ல் தெரிந்திருந்த 102 தனிமங்களின் பெயரையும் ஒன்றரை நிமிடத்துக்குள் பாடி முடிக்கும் பாட்டு. மெட்டு அவருடையது இல்லை, இங்கிலாந்தின் கில்பர்ட்-சல்லிவன் இசை நாடக ஜோடியின் 1879 நாடகம் ஒன்றில் வரும் ராணுவத் தளபதியின் பாட்டு. சல்லிவன் 1900-லேயே இறந்துவிட்டதால் அந்த மெட்டுக்கும் உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் மற்றவர் மெட்டில் அமைந்த வேறு பாட்டு எதையாவது எடுத்தால் மெட்டு யாருடையது என்று தனியாகப் பாருங்கள், தன்னுடையது அல்லாததை லெஹ்ரர் தானம் செய்ய முடியாது. காணொளியை யூடியூபில் ஏற்றும்போது தானியங்கி உரிமைக் கோரிக்கை வந்தால், சேமித்து வைத்த அந்த அறிக்கையைக் காட்டி மறுப்புத் தெரிவியுங்கள்.

மேடையில் நான்கு குழுவாகப் பிரித்துவிடுங்கள், ஒரே ஆள் பாடினால் மூச்சு வாங்கும். பின்னால் பெரிய தனிம அட்டவணை மாட்டி, பாடப் பாட ஒரு பிள்ளை குச்சியால் தொட்டுக்கொண்டு வரட்டும். பாட்டில் அணு எண் வரிசை கிடையாது, ஆண்டிமனி, ஆர்செனிக் என்று ஓசைப்படி தாவும், அதனால் குச்சி அட்டவணை முழுக்க ஓடுவதே தனி வேடிக்கை. கடைசியில், எங்கள் ஹார்வர்டுக்கு வந்து சேர்ந்த சேதி இவ்வளவுதான், இன்னும் இருக்கலாம் என்ற பொருளில் முடித்திருப்பார். இன்றைக்கு 118 இருக்கின்றன. விட்டுப்போன 16-ஐயும், 1961-ல் வந்த லாரன்சியம் முதல் 2016-ல் பெயர் சூட்டிய நிகோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் வரை, பிள்ளைகளையே ஒரு சரணமாக எழுதச் சொல்லுங்கள்.

தமிழில் எழுத ஆசைப்படுபவர்களுக்கு: மெட்டில் ஒரு வரிக்கு 16 அசை (யாப்பின் நேர், நிரை அல்ல, ஆங்கிலத்தில் syllable என்பது), தகதிமி நான்கு தடவை. ஆனால் தாளத் தட்டு முதல் அசையில் விழாது, இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டையில்தான் விழும். 'தங்கம் தகரம் தாமிரம் ஈயம் இரும்பு வெள்ளியும்' என்று போட்டால் 16 சரியாக வரும், ஆனால் பாடினால் தட்டு 'கம்'மிலும் 'யம்'மிலும் விழுந்து இடறும். அதையே 'இரும்பு ஈயம் தாமிரம் தகரம் தங்கம் வெள்ளியும்' என்று மாற்றிப் பாருங்கள், ரும், ஈ, தா, தங், வெள் எல்லாம் தட்டில் வந்து உட்காரும், மோனையும் தானாக அமையும். பேரியம், தோரியம், சீரியம் ஓர் எதுகைக் கூட்டம், சோடியம், ரோடியம், ரேடியம் இன்னொன்று. இவை மூன்றசைச் சொற்கள், முதல் அசையில் அழுத்தம் கேட்பவை, எனவே முன்னால் ஓர் ஒற்றை அசைச் சொல் வைத்தால்தான் மெட்டில் ஏறும். இயம் என்று முடிபவை நிறைய இருப்பதால் வரி முடிவில் இயைபுக்குப் பஞ்சமே வராது, அதனால் எல்லா வரியையும் அப்படியே முடித்து அலுப்பாக்கிவிடாதீர்கள். இலங்கைப் பள்ளிகளுக்கு எழுதினால் ஐதரசன், ஒட்சிசன் என்று அங்கே பாடநூலில் உள்ள பெயர்களை எடுங்கள், அசைக் கணக்கு மாறும், மறுபடி எண்ண வேண்டும்.

லெஹ்ரர் மேடையில் இந்தப் பாட்டுக்கு ஒரு குட்டி வால் வைத்திருந்தார், அரிஸ்டாட்டில் காலத்துப் பதிப்பு என்று சொல்லி, நிலம், காற்று, தீ, நீர் நான்கையும் பாடி ஒரு நொடியில் முடிப்பார். தமிழில் ஆகாயத்தையும் சேர்த்து ஐந்தாகப் பாடலாம், குட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்ற இடம் அது. ஒத்திகையை முதல் வாரம் பாதி வேகத்தில், பியானோவோ ஆர்மோனியமோ இல்லாமல் கைதட்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெயரும் தெளிவாக விழுந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள், நிகழ்ச்சி அட்டையில் மெட்டு ஆர்தர் சல்லிவன், மூலப் பாட்டு டாம் லெஹ்ரர், தமிழ் வரிகள் இன்னார் என்று மூன்று பெயரையும் போடுங்கள்.